பின் சீட்டுக்கு அடியில் ஊஃபர்: கடற்கரை ஊர் வண்டிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

பாஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரின் பெட்டியைப் பின் சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கட்டுவது எப்படி என்று தேடினால் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எம்.டி.எஃப். பலகையை வாங்கு, வெட்டு, ஒட்டு, கார்பெட் சுற்று, முடிந்தது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஓடும் வண்டிக்கு அது போதும். மண்டபம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று கரையோரமே ஓடும் வண்டிக்குப் போதாது. எம்.டி.எஃப். என்பது அழுத்திய மரநார். ஈரம் ஏறினால் ஓரம் ஊதும், ஊதிய இடத்தில் திருகு பிடிக்காது, திருகு தளர்ந்தால் பெட்டி காற்றை விடும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்பது பாட்டு இல்லை, சீட்டுக்கு அடியில் யாரோ பெருமூச்சு விடுவது போன்ற ஒரு சத்தம்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கிழக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு வந்தே தீரும். ஆனால் உப்புக்கும் தண்ணீருக்கும் தாங்குகிற மாதிரி ஒரு கூட்டைச் செய்யத் தெரிந்தவர்களும் இதே கரையில்தான் இருக்கிறார்கள். ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப்போடும் பட்டறைகளில் கிடைக்கும் அதே ரெசினும் (இறுகும் பிசின்) கண்ணாடி நார் மேட்டும்தான் நமக்கும் வேண்டும். ஆகவே நான் சொல்லப்போகும் பெட்டி பாதி வள்ளம்: அடிப்பகுதி ஃபைபர் தொட்டி, மேல் மூடி மரைன் ப்ளைவுட். வண்டியின் சீட்டிலோ தரையிலோ ஒரு வெட்டும் கிடையாது. கழற்றினால் வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும்.

பொலிரோ, சுமோ மாதிரி சீட் உயரமாக இரும்புச் சட்டத்தின்மேல் நிற்கும் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சின்ன காரில் சீட் குஷன் நேராகத் தரைத் தகட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும்; அடியில் கை நுழைகிற இடம்கூட இருக்காது. அந்த வண்டிக்காரர்கள் கடையில் விற்கும் மெல்லிய ரெடிமேட் ஊஃபரை முன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வது நல்லது. குஷனை வெட்டி இடம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். பின் சீட் குஷன் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருப்பது சொகுசுக்காக மட்டும் கிடையாது. வண்டி மோதும்போது உட்கார்ந்திருப்பவர் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி முன்னால் போய்விடாமல் தடுப்பது அந்தத் தூக்கல்தான்.

முதலில் சீட்டைத் தூக்குங்கள்

பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் எந்த வேலையும். கழற்றிய பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதன் சர்க்யூட்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய சில நிமிடம் ஆகும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் சம்பந்தப்பட்டது. அதைப் பிடுங்கவும் வேண்டாம், அதன்மேல் எதையும் அழுத்தி வைக்கவும் வேண்டாம். ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் தெரிந்தால் உங்களுடையது ஹைபிரிட் அல்லது மின்சார வண்டி. அந்த இடத்தை அப்படியே மூடிவிடுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு ஆகாது.

சீட் போல்ட்டுகள் துருவில் இறுகியிருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். அவசரப்பட்டு ஸ்பானரில் தொங்கினால் போல்ட் தலை உருண்டுவிடும்.

சீட் வெளியே வந்ததும் முதல் வேலை அளப்பது கிடையாது, கூட்டுவது. தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்கு அடிக்கடி போகும் வண்டி என்றால் கார்பெட்டுக்கு அடியில் கால் படி மணலாவது இருக்கும். அந்த மணலில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழையே பெய்யாத மாசத்திலும் தரைத் தகடு நசநசவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். வேக்யூம் போட்டு, நல்ல தண்ணீர்த் துணியால் இரண்டு தடவை துடைத்து, ஒரு முழு வெயில் காய விடுங்கள். துரு புள்ளி இருந்தால் கம்பி பிரஷ், அப்புறம் துரு மாற்றும் திரவம், அப்புறம் ப்ரைமர், அதன்மேல் பெயின்ட். பெட்டி உட்கார்ந்த பிறகு அந்த இடம் உங்கள் கண்ணில் படப்போவதில்லை. மறைந்த இடத்துத் துருதான் தகட்டைத் தின்று முடிக்கும்.

சுத்தமான தரையில் இவற்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: பெல்ட் கொக்கிகளின் போல்ட்டுகள், குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள், பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் வட்ட மூடி, தண்ணீர் வடிகிற ரப்பர் அடைப்புகள், வயரிங் கட்டு. எல்லா வண்டியிலும் எல்லாமும் இருக்காது. இருப்பவற்றின் மேல் பெட்டி ஏறக் கூடாது, குறிப்பாகப் பெட்ரோல் பம்ப் மூடி. இரண்டு வருஷம் கழித்து மெக்கானிக் அதைத் திறக்க வரும்போது உங்கள் பெட்டியைக் கடப்பாரையால் பெயர்ப்பார்.

கடைசியாக ஒரு அளவு: சீட் சட்டத்தின் அடிப்பாகத்திலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர்? சீட்டை மறுபடி பொருத்தி, இரண்டு பேரை உட்கார வைத்து அளக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங்கும் பட்டையும் கீழே தொங்கும். அந்தத் தொங்கலுக்கும் கீழே 4 செ.மீ. விட்டுத்தான் பெட்டியின் தலை நிற்க வேண்டும். சீட்டின் பாரத்தில் ஒரு துளிகூடப் பெட்டிமேல் இறங்கக் கூடாது.

எந்த ஊஃபர், எத்தனை லிட்டர்

கடைக்குப் போனால் 12 இன்ச்சைத்தான் முதலில் காட்டுவார்கள். சீட்டுக்கு அடியில் உங்களுக்கு வேண்டியது ஆழம் குறைந்த 8 இன்ச், இடம் இருந்தால் 10 இன்ச். ‘ஷாலோ’ அல்லது ‘ஸ்லிம்’ என்று கேளுங்கள். பொருத்தும் ஆழம் 8, 9 செ.மீ. அளவிலேயே முடிகிற மாடல்கள் உண்டு. கோன் பாலிப்ராப்பிலீனாக இருக்கட்டும், அதைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் வளையம் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் நாளடைவில் பொடிந்து உதிரும். காகிதக் கோன் நன்றாகத்தான் பாடும், ஆனால் இந்தக் காற்றில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

பெட்டி இரண்டு வகை: மூடிய பெட்டி, குழாய் வைத்த போர்ட்டட் பெட்டி. போர்ட்டட் அதிகச் சத்தம் தரும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இடமும் அதிகம் வேண்டும், குழாயின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் பாஸ் தறிகெட்டுப் போகும். நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் குழாய் வழியாக உப்புக்காற்று நேராக ஊஃபரின் காயில் (கம்பிச் சுருள்) வரை போய் வரும். ஆகவே மூடிய பெட்டி. உருமியின் இழுப்பும் தவிலின் தொப்பிச் சத்தமும் மூடிய பெட்டியில்தான் குழையாமல் கேட்கும் என்பது என் காது சொல்வது.

ஊஃபரோடு வரும் தாளில் மூன்று எண்களைப் பாருங்கள்: எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். முதலாவது ஊஃபர் தானாக அதிரும் அலைவெண். இரண்டாவது அதன் கட்டுப்பாடு. மூன்றாவது அதன் தொங்கலின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில். மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. 0.707 என்ற எண்ணை க்யூ.டி.எஸ்.ஸால் வகுங்கள், வந்ததை அதனாலேயே பெருக்குங்கள், அதிலிருந்து 1 கழியுங்கள். வி.ஏ.எஸ்.ஸை அந்த விடையால் வகுத்தால் பெட்டியின் லிட்டர்.

எஃப்.எஸ். 40, க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 20 என்று ஒரு ஊஃபர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.707ஐ 0.5ஆல் வகுத்தால் 1.414. அதை அதனாலேயே பெருக்கினால் 2. ஒன்றைக் கழித்தால் 1. ஆக 20 லிட்டர் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஊஃபரின் அதிர்வு 40ஐ 1.414ஆல் பெருக்கியது, அதாவது 57 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறும். அதற்குக் கீழே சத்தம் மெதுவாக இறங்கத் தொடங்கும், ஆனால் வண்டியின் மூடிய கூண்டு கீழ் அலைகளைத் தானே தூக்கிக் கொடுப்பதால் காதுக்குக் குறை தெரியாது.

20 லிட்டருக்கு இடம் இல்லை, 15 தான் கிடைக்கிறது என்றால் என்ன ஆகும்? அதிர்வு 61க்குப் போகும், அவ்வளவுதான். காதுக்குப் பெரிதாகத் தெரியாது. 10 லிட்டருக்கு இறக்கினால் 69, அப்போது பாஸ் ஒரே இடத்தில் தடித்து எந்தப் பாட்டும் ‘தொம் தொம்’ என்றே கேட்கும். எனவே கணக்கில் வந்த அளவுக்குக் கால்பங்கு குறைந்தால் கவலைப்படாதீர்கள், பாதி குறைந்தால் வேறு ஊஃபர் பாருங்கள்.

ஊஃபர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 4 மீட்டருக்கு மேல். உங்கள் வண்டியின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அவ்வளவு நீள அலைக்கு மேல், கீழ், முன், பின் என்று திசை எதுவும் தெரியாது. காற்று வெளியே வர வழி இருந்தால் போதும். 8 இன்ச் கோனின் பரப்பு 200 சதுர செ.மீ.க்குச் சற்று மேல். சீட்டின் முன் விளிம்புக்கு அடியில் 3 செ.மீ. உயரத்தில் 70 செ.மீ. நீளத்துக்கு இடைவெளி இருந்தாலே அந்தப் பரப்பு கிடைத்துவிடும். நாம் ஊஃபரை மேல்நோக்கி மூடியில் வைக்கப்போகிறோம்.

சாமான் வாங்கும்போது

ப்ளைவுட் கடையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். “அண்ணே, 710 மரைன் ப்ளை, 18 எம்.எம்.” என்று கேளுங்கள். ஐ.எஸ். 710 என்பது கொதிநீரிலும் பசை விடாத மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண். பலகையிலேயே முத்திரை குத்தியிருக்கும். 303 என்று குத்தியிருந்தால் அது வீட்டுச் சாமானுக்கான சாதா வகை. முழுப் பலகை தேவையில்லை. ஆசாரிகளிடம் துண்டுப் பலகை கிடக்கும், நம் மூடிக்கு அதுவே தாராளம்.

ஃபைபர் வேலைக்கு பாலியஸ்டர் ரெசின், 450 கிராம் மேட், ஹார்ட்னர், கை உறை, கண்ணாடி, முகமூடி, சின்ன ரோலர், அசிட்டோன். ரெசின் வாங்கும்போது ஆக்ஸிலரேட்டர் ஏற்கனவே கலந்ததா என்று கேட்டு, கலந்ததையே வாங்குங்கள். காரணம் இது: ஆக்ஸிலரேட்டர் என்ற நீலக் கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தனித்தனி பாட்டிலில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஆக்ஸிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னரைத் திறக்க வேண்டும். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. வள்ளப் பட்டறையில் வெறுங்கையோடு வேலை செய்பவர்களைப் பார்த்து நீங்களும் அப்படியே இறங்க வேண்டாம்.

திருகு, போல்ட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ். 304 கிடைக்கும், 316 கிடைத்தால் இன்னும் நல்லது. மஞ்சள் முலாம் பூசிய சாதாத் திருகு இந்தக் காற்றில் ஒரு வருஷம் தாண்டினாலே அதிசயம்.

தொட்டி வார்ப்பது

இந்த வேலையின் இதயம் இங்கேதான், எனவே நிதானம். வண்டியின் தரையையே அச்சாக வைத்துத் தொட்டியின் முதல் இரண்டு அடுக்குகளை வார்த்து, வெளியே எடுத்து மீதி அடுக்குகளை ஏற்றப்போகிறோம். தரையின் மேடுபள்ளம் அப்படியே தொட்டியின் அடியில் பதிவதால் ஒரு லிட்டரும் வீணாகாது, ஆட்டமும் இருக்காது.

கார்பெட்டை ஒதுக்கிவிட்டு, பெட்டி வரும் இடத்துக்கு ஒரு சாண் வெளியே வரை கனமான பிளாஸ்டிக் விரியுங்கள். அதன்மேல் அகலமான மாஸ்க்கிங் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள், அதன்மேல் மெழுகுப் பாலிஷ் இரண்டு கை. சுற்றுச்சுவருக்குத் தடிமனான அட்டையை நிறுத்தி அதற்கும் டேப், மெழுகு. சுவருக்குத் தெர்மோகோல் வைக்கலாமே என்று தோன்றும். கூடாது, ரெசின் பட்டால் தெர்மோகோல் ஐஸ் மாதிரி கரைந்து ஓடிவிடும்.

வண்டியை நிழலில் நிறுத்தி எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள். காலை ஏழு மணி நல்ல நேரம். வெயில் ஏறிவிட்டால் ரெசின் கையிலேயே இறுகும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. ஹார்ட்னர் என்பது வழக்கம். நம் சூட்டுக்கு 10 பக்கமே நில்லுங்கள், அரைக் கிலோவுக்கு 5 மி.லி. மேட்டை உள்ளங்கை அகலத் துண்டுகளாகக் கிழித்து வையுங்கள். கத்தரியால் வெட்டிய ஓரம் தடித்து நிற்கும், கிழித்த ஓரம் பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும். பிரஷ்ஷால் ரெசின் பூசி, மேட்டை வைத்து, மேலே மறுபடி ரெசின். வெள்ளை மேட் கண்ணாடி மாதிரி ஆகும் வரை ரோலர் ஓட்டுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது. மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் போதும். கூடுதலாக ஊற்றினால் பலம் வராது, விரிசல்தான் வரும்.

இரண்டு அடுக்கு இறுகியதும் தொட்டியை மெல்ல நெம்பி எடுத்து வெளியே வையுங்கள். மீதி வேலை மரத்தடியில். 450 கிராம் மேட் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் தரும். மொத்தம் ஆறு அடுக்காவது வேண்டும். தட்டையாக அகலமாக இருக்கும் பக்கங்கள் ஆறு அடுக்கிலும் அதிரும். வள்ளத்துக்கு உள்ளே குறுக்குக் கட்டை வைத்து அதன்மேல் ஃபைபர் போடுவார்களே, அதையே இங்கும் செய்யுங்கள்: இரண்டு விரல் அகல ப்ளைவுட் பட்டைகளை உள்பக்கம் ஒட்டி அவற்றின்மேல் இரண்டு அடுக்கு மேட். விரல் கணுவால் தட்டினால் ‘டொக்’ என்று கட்டையான சத்தம் வர வேண்டும். ‘டங்’ என்று அதிர்ந்தால் இன்னொரு பட்டை.

தொட்டியின் வாயைச் சுற்றி உள்பக்கமாக 4 செ.மீ. அகலத்தில் 18 எம்.எம். ப்ளைவுட் சட்டம் ஒன்றை ஒட்டி, அதையும் ஃபைபரால் மூடுங்கள். மூடியின் திருகுகள் பிடிக்கப்போவது இதில்தான்.

மிச்ச ரெசின் டப்பாவில் சூடேறிப் புகையலாம். குப்பைத்தொட்டியில் போடாமல் வெறும் மணலில் வைத்துவிடுங்கள். அசிட்டோன் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

இறுகிய தொட்டியைத் தரையில் மணல் பரப்பி அதன்மேல் வைத்து, லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை குவளை என்று எண்ணிக்கொள்ளுங்கள். கோணல்மாணலான தொட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முயன்றால் தலைவலிதான் மிச்சம். தண்ணீர் உள்ளதைச் சொல்லிவிடும். அரை மணி நேரம் அப்படியே விட்டு அடியில் கசிவு தெரிகிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் கசியும் இடத்தில் காற்றும் கசியும். வந்த லிட்டரில் ஊஃபரின் காந்தத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ கழித்துக்கொள்ளுங்கள்.

ரெசின் வாடை போக ஒரு வாரம் வெயிலில் கிடக்கட்டும். அதற்குள் வண்டியில் ஏற்றினால் வீட்டில் உள்ளவர்கள் உங்களோடு வெளியூர் வரமாட்டார்கள்.

மூடி

தொட்டி வாயின் மேல் காகிதம் விரித்து விளிம்பைப் பென்சிலால் எடுத்து, அதைப் பலகைக்கு மாற்றுங்கள். ஊஃபர் துளைக்கு தாளில் போட்டிருக்கும் வெட்டு விட்டத்தையே எடுக்க வேண்டும், ஊஃபரின் வெளி விட்டத்தை இல்லை. ஜிக்சா இல்லாவிட்டால் ஆசாரியிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. வெட்டிய எல்லா ஓரத்துக்கும், துளையின் உள்வட்டத்துக்கும், ஒவ்வொரு திருகுத் துளைக்கும் ரெசின் பூச வேண்டும். மரைன் ப்ளைவுட்டும் வெட்டுவாய் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும்.

மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே மூடிய துளை ரப்பர் ஃபோம் பட்டை. கதவுகளுக்கு ஒட்டும் அதே சாமான். பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். சட்டத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒரு திருகு. வயர் உள்ளே போக ஊஃபர் டெர்மினல் கப் ஒன்று. அதன் விளிம்பில் சிலிகான். உள்ளே பாதி அளவு பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஊஃபர் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக உணரும். தலையணைக் கடையில் பாலியஸ்டர் பஞ்சு என்று கேட்டு வாங்குங்கள். இலவம்பஞ்சு ஈரம் பிடித்துப் பூசணம் பூக்கும். ஊஃபர்மேல் இரும்பு வலை கட்டாயம். சீட்டுக்கு அடியில் குழந்தைகள் எதை உருட்டிவிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வயரிங்

8 இன்ச் ஊஃபருக்கு 200 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், தாராளம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘மேக்ஸ்’ வாட்டைப் பார்க்காதீர்கள். 200 வாட் கிளாஸ்-டி ஆம்ப் 80 சதவீதத் திறனில் ஓடினால் முழுச் சத்தத்தில் சுமார் 18 ஆம்பியர் இழுக்கும். 10 சதுர மி.மீ. செம்பு வயரும் 30 ஆம்பியர் ஃப்யூஸும் போதும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள், அதாவது 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆம்ப்பில் ஏற்கனவே ஃப்யூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஆம்ப்பைக் காப்பாற்றும். நடுவழியில் வயர் உரசித் தகட்டில் பட்டால் வண்டியைக் காப்பாற்றுவது பேட்டரி பக்கத்து ஃப்யூஸ்தான்.

ஆன்லைனில் மலிவாக வரும் வயர் கிட்டுகளில் பெரும்பாலும் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியிருக்கும். முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். உப்புக்காற்றில் அது வெகு சீக்கிரம் வெளுத்துப் பொடியாகும். முழுச் செம்பு வாங்குங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் விடவே விடாதீர்கள். படகு எஞ்சின் வயரிங் செய்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எர்த் வயர் அரை மீட்டருக்குள் முடியட்டும். பெயின்டைச் சுரண்டிப் பளபளப்பான தகட்டில் லக்கை (வயர் முனையில் மாட்டும் வளையம்) வைத்து ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பெயின்ட்டோ வாசலினோ தடவி மூடுங்கள். நம் ஊரில் ‘ஆம்ப் போச்சு’ என்று வரும் புகார்களில் பலவும் உண்மையில் எர்த் லக் பச்சை பிடித்த புகார்கள்தான். பெல்ட் போல்ட்டில் எர்த் பிடிக்க வேண்டாம். அந்தப் போல்ட்டைத் தளர்த்துவதும் அதன் அடியில் லக் செருகுவதும் உயிரோடு விளையாடுவது.

பவர் வயர் ஒரு ஓரத்திலும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயர் எதிர் ஓரத்திலும் ஓடட்டும். சேர்த்துக் கட்டினால் எஞ்சின் வேகத்துக்கேற்ப ஒரு ‘ஙீ’ சத்தம் பாட்டில் கலக்கும். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. துளை இல்லையென்றால் பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே எடுக்கக்கூடிய ஹை-லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கிவிடுங்கள். ஆம்ப்பைத் தரையில் படுக்க வைக்காமல் 4 செ.மீ. உயரக் கட்டைமேல் நிறுத்துங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் வண்டிக்குள் வந்தால் முதலில் நனைவது அதுதான்.

பொருத்துவதும் சத்தம் வைப்பதும்

பெட்டியைச் சும்மா செருகி வைக்கக் கூடாது. ஊஃபரோடு சேர்ந்து பத்துக் கிலோ தாண்டும் பொருள் விபத்தில் கல்லாகப் பறக்கும். தரையில் ஏற்கனவே இருக்கும் துளைகளையும் சீட் சட்டத்தின் கால்களையும் பயன்படுத்தி எல் கிளாம்ப், எம்8 போல்ட் போட்டு நான்கு இடத்தில் கட்டுங்கள். தரையைத் துளைப்பது இரண்டு வகையில் வம்பு: அடியில் பெட்ரோல் டாங்கோ பிரேக் குழாயோ இருக்கலாம், துளையின் விளிம்பில் அன்றைக்கே துரு பிறக்கும். தொட்டிக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் ஷீட். தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்து விரியுங்கள்.

ஆம்ப்பில் கெய்ன் என்று ஒரு திருகு இருக்கும். அது வால்யூம் இல்லை. ஊஃபர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ முக்கால் சத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட விடுங்கள். மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் அளந்துகொண்டே கெய்னைத் திருப்புங்கள். 200 வாட், 4 ஓம் என்றால் 28 வோல்ட் வரும் இடத்தில் நிறுத்துங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் எண் அது. அதற்கு மேல் திருப்பினால் வருவது சத்தம் இல்லை, காயில் கருகும் வாடை. மேல் அலைகளை வெட்டிவிடும் லோ-பாஸ் திருகு 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். பாஸ் பூஸ்ட் பட்டனைத் தொட வேண்டாம். ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுக் கேட்டு, டிரைவர் சீட்டில் எது கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

இரைச்சல் விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள் இன்னும் குறைவு. மூடிய பெட்டி கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளேயே நிறைந்து ஒலிக்கும். ஊருக்கே கேட்க வைப்பவர்களுக்கு நான் எழுதவில்லை.

செக்போஸ்ட்டில் கேட்டால்

சென்னைக்காரர்கள் யோசிக்க வேண்டாத ஒரு விஷயம் நமக்கு உண்டு. 2001 முதல் தடையில் இருக்கும் கடல் அட்டை தொடங்கி இன்னும் பலவும் இந்தக் கரை வழியாகக் கடத்தப்படுவதால், ராமேஸ்வரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வண்டிச் சோதனை சகஜம். சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டு மூடிய பெட்டி இருந்தால் கேள்வி வராமல் இருக்காது. மூடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஊஃபர், ஆம்ப் பில்லும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும் செல்போனில் இருக்கட்டும். ஒரு ஸ்க்ரூடிரைவரும் டேஷ்போர்டில் இருந்தால் வலையைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஊஃபர் ஒளிந்திருப்பது திருடனுக்குத் தெரியாமல் இருக்கட்டும், போலீஸ்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. சீட்டைக் கழற்றி எறிந்து அந்த இடத்தில் பெட்டி வைத்தால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையே பொய்யாகும். நம் முறையில் சீட் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது கூடுதல் மின்சாமான் பொருத்தியிருப்பதைச் சொல்லி, கொஞ்சம் பிரீமியம் சேர்த்துக் கட்டிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஏதாவது ஆகும்போது அதையே சாக்காகப் பிடிப்பார்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரம் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள், ஃபோம் பட்டை அமுங்கி மூடித் திருகுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எர்த் லக்கையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் திறந்து பாருங்கள். பச்சைப் பொடி தெரிந்தால் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்கி, மறுபடி வாசலின்.